வரைவு எழுதக் கற்பிப்பதும் சட்டம் கற்பிப்பதுதான்

சட்டக் கல்லூரியில் டிராஃப்டிங் பாடம் நடத்தும் ஆசிரியரைப் பற்றி நம் நீதிமன்ற வளாகங்களில் ஒரு கருத்து வேரூன்றிப் போயிருக்கிறது. பிராது எழுதுவதை வகுப்பில் உட்கார்ந்து கற்க முடியாது, சீனியர் ஆபீஸில் நாலு வருஷம் கேஸ் கட்டு சுமந்தால் தானாகக் கை பழகிவிடும் என்பது அதன் முதல் வாதம். கோர்ட்டில் வழக்கே நடத்தாத வாத்தியாருக்கு வரைவைப் பற்றி என்ன தெரியும் என்பது இரண்டாவது. எல்லாவற்றுக்கும் மாதிரிப் படிவம் இருக்கிறது, பெயரையும் புல எண்ணையும் மாற்றினால் போதும் என்பது மூன்றாவது. இனிமேல் கம்ப்யூட்டரே எழுதிக் கொடுத்துவிடும் என்று நான்காவதாக ஒன்றும் இப்போது சேர்ந்திருக்கிறது. இவற்றையெல்லாம் கூட்டிப் பார்ப்பவர்கள் வந்து சேரும் முடிவு ஒன்றுதான்: அரசமைப்புச் சட்டம் நடத்துபவர் பேராசிரியர், வரைவு நடத்துபவர் கால அட்டவணையை நிரப்ப வந்தவர்.

இந்தக் கருத்தை நான் முழுமையாக மறுக்கிறேன். சட்டக் கல்லூரியில் வேறு யாரைவிடவும் வரைவு கற்பிக்கும் ஆசிரியர்தான் சட்டத்தை மக்களுக்கு அருகில் கொண்டுவருகிறார் என்று சொல்கிறேன். அவரைத் தாழ்த்தி வைத்திருப்பதால் வரும் நஷ்டம் வழக்கறிஞருக்கோ கல்லூரிக்கோ அல்ல, சாயல்குடி போன்ற ஊர்களில் இருந்து கோர்ட்டுக்குப் போகிறவர்களுக்கு.

சாயல்குடியைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டம் கடலாடி வட்டத்தில், ராமநாதபுரத்தில் இருந்து தூத்துக்குடி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் பேரூராட்சி இது. உள்ளே போனால் பனங்காடும் சீமைக் கருவேலமும் கரிமூட்டமும். கரைக்குப் போனால் மூக்கையூர், நரிப்பையூர், வாலிநோக்கம் என்று மீன்பிடி ஊர்களும் உப்பளமும். இங்கே எழும் வழக்குகளின் அளவு சிறியது, சிக்கல் பெரியது. தாத்தா காலத்தில் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்ட நிலத்துக்கு ஒரு பங்காளி பெயரில் மட்டும் பட்டா இருக்கும். நிலம் ஒருவருடையதாகவும் அதில் நிற்கும் பனைகளின் அனுபவம் இன்னொருவருடையதாகவும் இருக்கும். வெளியூரில் இருக்கும் அண்ணன் கொடுத்த பவர் பத்திரத்தை வைத்து யாரோ கிரயம் முடித்திருப்பார்கள். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளை ஒட்டித் தொழில் செய்கிறவர்கள் வனத்துறை வழக்கில் மாட்டுவார்கள்; கடல் அட்டை பிடிப்பது 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். இந்த வழக்குகள் எதிலும் அரசமைப்புச் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாடு உதவிக்கு வராது. மனுவில் என்ன எழுதியிருக்கிறது, என்ன எழுதாமல் விட்டிருக்கிறது என்பதே வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும்.

எழுதாமல் விட்டதன் விலையை உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஒளிக்காமல் சொல்கிறது. வழக்குக்கு ஆதாரமான முக்கிய நிகழ்வுகளைச் சுருக்கமாகச் சொல், சாட்சியத்தைச் சொல்லாதே, பத்தி பத்தியாக எண் போட்டு எழுது என்கிறது ஆணை 6, விதி 2. மோசடி என்று குற்றம் சாட்டினால் அதன் விவரங்களைத் தேதியோடு கொடு என்கிறது விதி 4. அசையாச் சொத்து என்றால் அதை அடையாளம் காணப் போதுமான விவரம் வேண்டும், எல்லையோ புல எண்ணோ கட்டாயம் என்கிறது ஆணை 7, விதி 3. ஒரே வழக்கு மூலத்தில் கேட்டிருக்க வேண்டிய பரிகாரத்தை நீதிமன்ற அனுமதியில்லாமல் விட்டுவிட்டால் பிறகு தனி வழக்குப் போட்டுக் கேட்க முடியாது என்கிறது ஆணை 2, விதி 2. விசாரணை தொடங்கியபின் பிராதைத் திருத்தவேண்டுமானால், உரிய கவனத்தோடு இருந்தும் முன்னமே சொல்ல முடியாமல் போனது என்று காட்டவேண்டும். 2002இல் வந்த திருத்தம் அந்தக் கதவைப் பாதி சாத்திவிட்டது.

2008 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்த்த அனதுலா சுதாகர் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வாரங்கலில் இருந்த ஒரு காலி மனை பற்றிய தகராறு அது. வாதிகள் உறுத்துக்கட்டளை மட்டும் கேட்டிருந்தார்கள். நிலம் எங்களுடையது என்று விளம்புகை கேட்கவில்லை. அவர்களுக்கு விற்றவருக்கு அந்த மனை எப்படி வந்தது என்பதற்கு வாய்மொழித் தானம் என்றொரு கதை பின்னால் வந்தது. அது பிராதில் இல்லை. உயர் நீதிமன்றம் அந்தக் கதையை ஏற்றுத் தீர்ப்புச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உரிமையே தகராறில் இருக்கும்போது வெறும் உறுத்துக்கட்டளை வழக்கு போதாது, பிராதில் சொல்லாத ஒன்றின் மேல் சாட்சியத்தைப் பார்க்க முடியாது என்று விளக்கமாகச் சொன்னது. இன்று முதுகுளத்தூரிலும் ராமநாதபுரத்திலும் நில வழக்கு நடத்துகிற எந்த வழக்கறிஞருக்கும் இந்தத் தீர்ப்புத் தெரியும். கேள்வி, அது தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறதா என்பதல்ல. பிராது எழுத உட்காரும் இளைஞரின் கையில் இருக்கிறதா என்பது. ஒரு தீர்ப்பை மனப்பாடம் செய்வதற்கும், பனங்காட்டுக்காரர் சொல்லும் ஒரு மணி நேரக் கதையில் இருந்து, 'இவருக்கு உறுத்துக்கட்டளை மட்டும் போதுமா, விளம்புகையும் வேண்டுமா, அதற்கான மூன்றாண்டுக் காலவரம்பு எந்தத் தேதியில் தொடங்கியது' என்று முடிவெடுத்து எழுதுவதற்கும் இடையில் நீண்ட தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தை நடக்கவைப்பவர்தான் வரைவு ஆசிரியர். அவர் கற்பிப்பது கையெழுத்தோ இலக்கணமோ அல்ல. எந்த உண்மை சட்டத்துக்கு வேண்டியது, எது வேண்டாதது என்று பிரிக்கும் அறிவை அவர் கற்பிக்கிறார். அதுதான் சட்ட அறிவு. மற்றவை அதற்கான தயாரிப்பு.

இப்போது முதல் வாதத்துக்கு வருகிறேன். சீனியரிடம் கற்பது உண்மையிலேயே பெரிய கல்வி. எந்த நீதிபதி எதைக் கேட்பார், வாய்தா எப்போது வாங்கலாம், பயந்துபோன கட்சிக்காரரிடம் எப்படிப் பேசுவது என்பதை வகுப்பறை தராது. இதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தக் கல்வி எல்லோருக்கும் கிடைக்கிறதா என்று கேட்கவேண்டும். 1995இல் பார் கவுன்சில் ஓராண்டுப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. 1999இல் வி. சுதீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விதிகளைச் செல்லாது என்றது. அதன்பின் இளம் வழக்கறிஞருக்குச் சொல்லிக்கொடுக்கும் கடமை எந்தச் சீனியருக்கும் சட்டப்படி இல்லை. 2010இல் கொண்டுவரப்பட்ட அகில இந்திய பார் தேர்வு 100 கேள்விகளுக்குச் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு. ஒரு பத்தி எழுதிக் காட்டாமலேயே ஒருவர் இந்தத் தேர்வில் தேறித் தொழில் உரிமையை உறுதிசெய்துகொள்ளலாம். ஆக, எழுதத் தெரியுமா என்று ஒருவர் கட்டாயமாகச் சோதிக்கப்படும் ஒரே இடம் கல்லூரியின் வரைவுப் பாடம். அந்த இடத்தைத்தான் பொருட்படுத்தத் தேவையில்லை என்கிறார்கள்.

இன்னொன்றையும் பேசவேண்டும். சீனியரிடம் கற்கலாம் என்பது, சம்பளம் இல்லாமல் சில வருஷம் இருக்க முடிந்தவர் கற்கலாம் என்பதற்குச் சமம். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஜூனியர்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை தரவேண்டும் என்றது. சென்னை, மதுரை, கோவை ஆகிய இடங்களில் மாதம் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் என்று தொகையும் சொல்லப்பட்டது. அப்படி ஓர் ஆணை தேவைப்பட்டது என்பதே நிலைமையைச் சொல்லிவிடுகிறது. அதற்கு முன் 2020இல் மாநில அரசு வசதியில்லாத இளம் வழக்கறிஞர்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 3,000 ரூபாய் உதவியை அறிவித்தது. மூக்கையூரில் வலை பின்னும் வீட்டில் இருந்தோ, கரிமூட்டம் போடும் வீட்டில் இருந்தோ படித்து வரும் பெண்ணுக்கு ராமநாதபுரத்தில் தங்கி, பஸ்ஸுக்குச் செலவழித்து, நாலு வருஷம் கட்டு சுமக்கும் வசதி எங்கிருந்து வரும்? அப்பா வக்கீலாக இருப்பவருக்குச் சீனியர் வீட்டிலேயே இருக்கிறார். மற்றவருக்கு இருப்பது வகுப்பறை மட்டும். வரைவை வகுப்பில் கற்பிக்க முடியாது என்று சொல்கிறவர், தெரிந்தோ தெரியாமலோ, அது குடும்பச் சொத்தாகவே இருக்கட்டும் என்றும் சொல்கிறார்.

ராமநாதபுரத்தில் அரசு சட்டக் கல்லூரி 2017இல்தான் வந்தது. அதற்கு முன் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் போய்ப் படித்தார்கள். தலைமுறைகளாக வக்கீல் வீடு இல்லாத ஊர்களுக்கு வாசல் திறந்த கல்லூரி இது. இங்கே வரைவுப் பாடம் பலவீனமாக இருந்தால் திறந்த வாசல் பாதியில் மூடிக்கொண்டதாக ஆகும்.

இரண்டாவது வாதம்: வழக்கு நடத்தாதவர் எப்படிக் கற்பிப்பார்? இதைச் சொல்கிறவர்கள் ஒரு விதியை மறந்துவிடுகிறார்கள். முழு நேரச் சம்பளப் பணியில் இருப்பவர் பொதுவாக வழக்காடக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. ஆசிரியரை நீதிமன்றத்துக்குள் விடமாட்டோம் என்று விதி செய்துவிட்டு, நீதிமன்றம் தெரியாதவர் என்று அவரைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. மறுபக்கம், 1979இல் வந்த விதிகள் தொழில் நடத்தும் வழக்கறிஞர் நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மிகாமல் சட்டக் கல்லூரியில் கற்பிக்க இடம் தருகின்றன. பார் கவுன்சிலின் 2008 விதிகளும் வரைவுப் பாடத்தை வழக்கறிஞர்கள், ஓய்வுபெற்ற நீதிபதிகள் துணையோடு நடத்துவது நல்லது என்கின்றன. வழக்கறிஞர் சங்க அறையில் உட்கார்ந்து குறை சொல்லும் அனுபவசாலிகள் வாரத்தில் இரண்டு நாள் கல்லூரிக்கு வந்து மாணவர் எழுதிய ஜாமீன் மனுவைப் படித்துப் பார்க்கலாம். விதி அவர்களைத் தடுக்கவில்லை.

அதோடு, நன்றாகச் செய்கிறவர் எல்லோரும் நன்றாகக் கற்பிக்கிறவர் ஆவதில்லை. முப்பது வருஷம் பிராது எழுதிய வழக்கறிஞருக்கு எழுதுவது கைப்பழக்கம் ஆகிவிடும். இந்த வாக்கியத்தை ஏன் இங்கே வைத்தேன் என்று அவரால் எடுத்துச் சொல்ல முடியாமல் போகலாம். கற்பிப்பவரின் வேலை வேறு. மாணவர் எழுதிய பத்தியில் எந்த இடத்தில் யோசனை தவறியது என்று கண்டுபிடிக்க வேண்டும். 'இங்கே பட்டா என்கிறாய், கீழே பத்திரம் என்கிறாய், உன் கட்சிக்காரரின் உரிமை எதில் இருந்து வருகிறது?' என்று கேட்க வேண்டும். பதிலோடு மறுபடி எழுத வைக்க வேண்டும். அந்த மாணவருக்குக் கிரயப் பத்திரத்துக்கும் பட்டாவுக்கும் உள்ள வித்தியாசம் அன்றைக்குத்தான் புரியும். சொத்துரிமைச் சட்டம் படித்த வருடத்தில் அது அவர் காதில் விழுந்திருக்கும். கைக்கு வருவது இந்த வருடத்தில்.

அந்த வேலையின் அளவைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பார் கவுன்சில் விதிப்படி வரைவுப் பாடத்தில் ஒவ்வொரு மாணவரும் வழக்கு வரைவில் குறைந்தது 15, பத்திர வரைவில் 15, ஆக 30 பயிற்சிகள் எழுதவேண்டும். ஒவ்வொன்றுக்கும் 3 மதிப்பெண். 90 போக மீதி 10 நேர்முகத் தேர்வுக்கு. ஒரு பிரிவில் 60 மாணவர் வரை இருக்கலாம். அப்படியானால் ஒரு பிரிவுக்கு 1,800 தாள்கள். ஒரு தாளை ஒழுங்காகப் படித்துக் குறிப்பு எழுதக் கால் மணி நேரம் என்றால் 450 மணி நேரம். பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வகுத்த விதிகளின்படி உதவிப் பேராசிரியர் வாரம் 16 மணி நேரம், ஆண்டுக்கு 30 வாரம் வகுப்பெடுக்கவேண்டும். அது 480 மணி நேரம். அதாவது, ஒரே பிரிவின் தாள்களை ஒரே ஒரு முறை திருத்துவது, ஓர் ஆண்டு முழுக்க வகுப்பெடுக்கும் நேரத்துக்கு அருகில் வந்துவிடுகிறது. திருத்தியதை மாணவர் மறுபடி எழுதி, ஆசிரியர் மறுபடி பார்க்கவேண்டும் என்றால் அதுவும் இரட்டிப்பு. பதவி உயர்வுக்கான கணக்கில் எடுத்த வகுப்புக்கு இடம் உண்டு, ஆய்விதழில் வந்த கட்டுரைக்குப் புள்ளி உண்டு. ஒரு மாணவரின் மனுவை மூன்று முறை படித்துத் திருத்தி அவரை எழுதவைத்த உழைப்புக்கென்று தனிப் புள்ளி கிடையாது. இந்த நிலையில் புத்திசாலியான இளம் ஆசிரியர் என்ன செய்வார்? வரைவுப் பாடத்தை வேறு யார் தலையிலாவது கட்டிவிட்டுக் கட்டுரை எழுதப் போவார். பாடத்துக்கு மிஞ்சுவது பழைய ரெக்கார்டு நோட்டைப் பார்த்து 30 பயிற்சிகளையும் நகலெடுக்கும் பழக்கம். பிறகு, பாருங்கள், வகுப்பில் கற்பிக்க முடியாது என்று அப்போதே சொன்னோமே என்பார்கள். செய்ய விடாத ஒன்றைச் செய்ய முடியாதது என்று பெயர் சூட்டுகிறோம்.

இந்தத் தாழ்வு நம் ஊருக்கு மட்டும் உரியதும் அல்ல. அமெரிக்கச் சட்டப் பள்ளிகளில் சட்ட எழுத்து முதலாண்டிலேயே கட்டாயப் பாடம். அதன் பிறகும் குறைந்தது ஒரு முறை ஆசிரியர் மேற்பார்வையில் கடுமையான எழுத்துப் பயிற்சி வேண்டும் என்பது அமெரிக்க பார் அசோசியேஷனின் தரவிதி. ஆனாலும் அதே தரவிதிகள் சட்ட எழுத்து ஆசிரியருக்கு மற்றப் பேராசிரியர்களுக்கு உள்ள பணிப் பாதுகாப்பை நெடுங்காலம் உறுதி செய்யவில்லை. சம்பளம் குறைவு, ஒப்பந்தக் காலம் குறுகியது, துறைக் கூட்டங்களில் ஓட்டு இல்லாத இடங்களும் உண்டு. இந்தப் பணியில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் முணுமுணுத்துவிட்டு ஒதுங்கவில்லை. 1984இல் லீகல் ரைட்டிங் இன்ஸ்டிடியூட் என்ற அமைப்பை உருவாக்கினார்கள், தங்களுக்கென ஆய்விதழ் நடத்தினார்கள், எழுத்தைக் கற்பிப்பது எப்படி என்பதையே ஓர் ஆய்வுத் துறையாக ஆக்கினார்கள். பல பள்ளிகளில் முழுப் பேராசிரியர் நிலையை வென்றெடுத்தார்கள். கற்பிக்க முடியாதது என்று நாம் சொல்லும் ஒன்றை அவர்கள் நாற்பது ஆண்டுகளாகக் கற்பித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றாவது வாதம் மாதிரிப் படிவம். படிவத்தை நான் இகழவில்லை. அது தொழிலின் நினைவு. ஆனால் படிவத்தை மட்டும் நம்பியவர்களுக்கு 2024 ஜூலை 1 ஒரு பாடம் சொன்னது. அன்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்தது. முன்ஜாமீன் 438இல் இருந்து 482க்குப் போனது. ஜாமீன் 439இல் இருந்து 483க்கு. வழக்கை ரத்து செய்யக் கோரும் பழைய 482 இப்போது 528. பழைய சட்டத்தில் எஃப்ஐஆரையே ரத்து செய்யக் கேட்ட எண், புதிய சட்டத்தில் கைது செய்யாமல் காப்பாற்றக் கேட்கிறது. எந்தப் பிரிவு எதற்காக இருக்கிறது என்று புரிந்து எழுதப் பழகியவருக்கு இது ஒரு வாரத் தொந்தரவு. வெட்டி ஒட்டிப் பழகியவர் தலைப்பிலேயே தடுமாறுவார். அந்தத் தடுமாற்றம் தீரும்வரை கடல் அட்டை வழக்கில் உள்ளே போன கூலிக்காரர் சிறையில் இருப்பார்.

பவர் பத்திரங்களிலும் இதே கதைதான். பொது அதிகாரப் பத்திரத்தின் மூலம் நடக்கும் விற்பனையால் சொத்துரிமை மாறாது என்று 2011இல் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் அழுத்தமாகச் சொன்னது. பக்கத்துக் கமுதி வட்டத்தில் 2016இல் பெரிய சூரிய மின் நிலையம் வந்தது. மானாவாரிக் காடு என்று கிடந்த நிலத்துக்கு மாவட்டம் முழுவதும் திடீரென்று மதிப்பு வந்த காலம் இது. நிலத்தைக் கொடுப்பவருக்குத் தான் கையெழுத்துப் போடுவது விற்பனைக்கா, குத்தகைக்கா, வெறும் அதிகாரத்துக்கா என்று தெரியவேண்டும். பத்திரத்தில் எந்த வரி அவரைப் பின்னாளில் காப்பாற்றும், எந்த வரி கட்டிப்போடும் என்று சொல்லத் தெரிந்த வழக்கறிஞர் வேண்டும். அந்த வழக்கறிஞரை உருவாக்குவது பத்திர வரைவு வகுப்பு.

நான்காவது வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. 2023இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி தேடித் தந்த தீர்ப்புகளோடு ஒரு மனுவை நீதிமன்றத்தில் போட்டார்கள். அதில் மேற்கோள் காட்டிய தீர்ப்புகளில் பல உலகத்திலேயே இல்லாதவை. மாட்டா எதிர் ஏவியாங்கா என்ற அந்த வழக்கில் 5,000 டாலர் அபராதம் விழுந்தது. இயந்திரம் எழுதியதில் எது சரி, எது இட்டுக்கட்டியது, எந்த உண்மை விடுபட்டது என்று பார்க்க எழுதத் தெரிந்த கண் வேண்டும். இயந்திரம் வேகமாக எழுத எழுத, சரிபார்க்கத் தெரிந்தவரின் தேவை கூடும். கட்சிக்காரரிடம் உட்கார்ந்து, அவர் சொல்ல மறந்த பாகப்பிரிவினையைக் கேட்டு வாங்கும் வேலையை எந்த இயந்திரமும் செய்யப்போவதில்லை.

எழுத்து முக்கியமில்லை என்பவர்களுக்கு உச்ச நீதிமன்றமே பதில் சொல்லியிருக்கிறது. 2022 ஆகஸ்ட்டில் ஸ்டேட் வங்கி எதிர் அஜய் குமார் சூத் வழக்கில், இமாசலப் பிரதேச உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு படித்துப் புரிந்துகொள்ளவே முடியாததாக இருக்கிறது என்று நீதிபதிகள் சந்திரசூட், போபண்ணா அமர்வு சொன்னது. பிறகு தீர்ப்பு எப்படி எழுதவேண்டும் என்று வழிகாட்டியது: எழும் கேள்வி, பொருந்தும் விதி, அதை வழக்கின் உண்மைக்குப் பொருத்துவது, முடிவு, பத்திகளுக்கு எண். இது சட்ட எழுத்து வகுப்பில் முதல் மாதம் சொல்லித்தருவது. உயர் நீதிமன்ற நீதிபதிக்கே உச்ச நீதிமன்றம் அதை நினைவூட்ட வேண்டி வந்தது என்றால், அந்த வகுப்பை நாம் எவ்வளவு அலட்சியமாக நடத்தியிருக்கிறோம் என்று யோசிக்கவேண்டும்.

ராமநாதபுரத்துக்காரர்களுக்கு இதை வரலாறே சொல்லும். 1868இல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்த்த மதுரை கலெக்டர் எதிர் முத்துராமலிங்க சேதுபதி வழக்கு இந்து சட்டத்தின் அடித்தளங்களில் ஒன்று. கணவரின் அனுமதி இல்லாமல், உறவினர் சம்மதத்தோடு, ராமநாதபுரம் ராணி செய்த சுவீகாரம் செல்லுமா என்பது கேள்வி. செல்லும் என்றார்கள், தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்காறு நூலில் உள்ள விதியையும் மிஞ்சும் என்றார்கள். அதற்கு ஐந்தாண்டு முன், 1863இல், சிவகங்கை ஜமீன் வழக்கில் காத்தம நாச்சியார் வென்றதும் அதே மன்றத்தில். அந்த நீதிபதிகள் வைகையைப் பார்த்ததில்லை, ஒரு சாட்சியின் முகத்தையும் கண்டதில்லை. இங்கிருந்து கப்பலேறிப் போன காகிதங்களும், அவற்றின் மேல் வைக்கப்பட்ட வாதமும் மட்டுமே அவர்கள் முன் இருந்தன. இந்தச் சீமையின் வழக்காறு யாரோ ஒருவரால் ஒழுங்காக எழுதப்பட்டு ஆவணமானதால் சட்டமானது. எழுதப்படாமல் போயிருந்தால் அது வழக்காறாகவே கரைந்திருக்கும்.

ஆகவே வரைவு ஆசிரியருக்குச் செய்யவேண்டியவற்றைச் சலுகையாகக் கேட்கவில்லை, உரிமையாகக் கேட்கிறேன். வரைவுப் பாடத்தைக் கடைசி ஆண்டில் ஒரு பருவத்துக்குள் அடைப்பதை நிறுத்தி, முதலாண்டில் இருந்தே ஒவ்வொரு சட்டப் பாடத்தோடும் எழுத்துப் பயிற்சியைச் சேர்க்கவேண்டும். ஒரு வரைவு ஆசிரியருக்கு இருபது மாணவர்களுக்கு மேல் தரக்கூடாது. தாள் திருத்தி மறுபடி எழுதவைக்கும் நேரத்தை வகுப்பு நேரமாகவே கணக்கிட்டு, பதவி உயர்வில் ஆய்வுக் கட்டுரைக்கு உள்ள மதிப்பை அதற்கும் தரவேண்டும். கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்கு 1976 திருத்தச் சட்டம் இடம் தந்திருக்கிறது. உயர் நீதிமன்றத்திலும் தமிழ் வேண்டும் என்று சட்டமன்றம் 2006இல் தீர்மானம் போட்டது. அப்படியிருக்க, வரைவுப் பயிற்சியில் பாதியாவது தமிழில் நடக்கவேண்டும். வழக்குரையும் எதிருரையும் நல்ல தமிழில், குழப்பமில்லாமல் எழுதத் தெரிந்த வழக்கறிஞர்கள் வந்தால், சாயல்குடியில் இருந்து வரும் கட்சிக்காரர் தன் பெயரில் போடப்படும் மனுவைத் தானே படித்துப் பார்த்து, 'இந்த எல்லை தப்பு, சார்' என்று கையெழுத்துக்கு முன்பே சொல்லிவிடுவார்.

இன்னொன்று, ஒவ்வொரு சட்டக் கல்லூரியும் இலவசச் சட்ட உதவி மையம் நடத்தவேண்டும் என்பது பார் கவுன்சில் விதி. அதை வரைவுப் பாடத்தோடு இணைக்கவேண்டும். திங்கட்கிழமை தோறும் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்கக் கடலாடி வட்டத்துக் கிராமங்களில் இருந்து மக்கள் பஸ் ஏறி வருகிறார்கள். பட்டா மாறுதல், பாதை ஆக்கிரமிப்பு, நின்றுபோன முதியோர் பென்ஷன் என்று அவர்கள் கையில் இருக்கும் காகிதங்களில் கோரிக்கை எது, ஆதாரம் எது என்று தெரியாமல் போவதால் அலையும் நாட்கள் கூடுகின்றன. அங்கே ஒரு மேசை போட்டு, ஆசிரியர் பக்கத்தில் உட்கார, மாணவர்கள் அந்த மனுக்களை எழுதட்டும். முப்பது பயிற்சிகளையும் யாரோ கற்பனை செய்த ராமன் எதிர் கிருஷ்ணன் வழக்குகளுக்கு எழுதுவதை விட, பத்து மனுக்களை உண்மையான மனிதருக்கு எழுதுவது மாணவரை வளர்க்கும், மனிதருக்கும் உதவும். வழக்கு நடத்தாத ஆசிரியர் என்ற குறையும் அந்த மேசையில் தீர்ந்துவிடும்.

சட்டம் எல்லோருக்கும் சமம் என்று முதலாண்டில் சொல்லிக்கொடுக்கிறோம். அந்தச் சமம் ஒரு மீனவரின் கைக்கு வந்து சேர்வது அவர் பெயரில் ஒழுங்காக எழுதப்பட்ட ஒரு மனுவின் வழியாக. அதை எழுதக் கற்றுத்தருபவரை இரண்டாம் வரிசையில் உட்காரவைத்துக்கொண்டு சமத்துவம் பேசும் தகுதி எந்தச் சட்டக் கல்லூரிக்கும் கிடையாது. வரைவு ஆசிரியரை முதல் வரிசைக்கு அழையுங்கள். அவருக்கு நேரம் கொடுங்கள், மாணவர் எண்ணிக்கையைக் குறையுங்கள், உழைப்பைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இதைச் செய்ய எந்தப் புதிய சட்டமும் தேவையில்லை. பல்கலைக்கழகமும் பார் கவுன்சிலும் மாவட்ட வழக்கறிஞர் சங்கங்களும் மனது வைத்தால் வரும் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.